பின்னால் ஒரு வீட்டை இழுத்துப் போனால் எவ்வளவு வேகம் போகலாம்?

இங்கிலாந்து மோட்டார்வேயில் ஒரு கார் மணிக்கு 70 மைல் வரை போகலாம். நம்ம கணக்கில் 112 கிலோமீட்டர். அதே கார் பின்னால் ஒரு கேரவனை இழுத்துக்கிட்டு போனால் 60 மைல்தான், அதாவது 96 கிலோமீட்டர். மூணு லேன் ரோடாக இருந்தால் வலது ஓர லேனுக்குள் நுழையவே கூடாது.

ஏன் இந்த 10 மைல் வித்தியாசம்?

அதுக்குப் பின்னால் 100 வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாசிங்க மக்களே.

கேரவன்னு சொன்னதும் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ போய் உட்காரும் வண்டி ஞாபகத்துக்கு வருதா? அது இல்லை. இது எஞ்சினே இல்லாத குட்டி வீடு. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளே இருக்கும். காரின் பின்பக்கக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கிட்டு டூர் போவாங்க.

இப்படி வீட்டோடு ஊர் சுற்றுவதை ஒரு பொழுதுபோக்காகப் பிரபலமாக்கியவர் யார் தெரியுமா?

ஒரு டாக்டர்!

வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். பிரிட்டிஷ் கடற்படையில் சர்ஜனாக இருந்தவர். 1885இல் பிரிஸ்டலில் ஆர்டர் கொடுத்து 'வாண்டரர்' என்று ஒரு வண்டியைச் செய்ய வைத்தார். ஏறத்தாழ 2 டன் எடை, ரெண்டு குதிரை இழுக்கணும். உள்ளே ஒரு நாயும் கிளியும் வேற. அதில் ஸ்காட்லாந்து வரைக்கும் போய் வந்து புத்தகமும் எழுதினார்.

அந்தப் பயணத்தில் அவருடைய உதவியாளர் மூணு சக்கர சைக்கிளில் முன்னாடியே போய், பின்னால் பெரிய வண்டி வருதுன்னு எதிரே வருபவர்களுக்குச் சொல்லுவார்.

முன்னாடி ஆள் அனுப்புவது அந்த நாட்டுக்குப் புதுசும் இல்லை. 1865 சட்டப்படி எஞ்சினில் ஓடும் வண்டி ஊருக்குள் 2 மைல், வெளியே 4 மைல் வேகம்தான் போகணும். அதுக்கு முன்னால் ஒருத்தர் சிவப்புக் கொடியோடு நடந்து போகணும்.

1896 ஆகஸ்டில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் பெட்ரோல் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர். தான் வந்தது வெறும் 4 மைல் வேகம் என்றார் ஓட்டியவர். அதே வருஷம் நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் வேக வரம்பை 14 மைலாக உயர்த்தியது!

1903இல் அது 20 மைல் ஆனது. யாரும் மதிக்கலை. யாரும் மதிக்காத சட்டம் எதுக்குன்னு 1930இல் கார்களுக்கான வரம்பையே மொத்தமா தூக்கிட்டாங்க.

விளைவு? 1934இல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 7,343 பேர். அடுத்த வருஷம் மார்ச்சில் ஊருக்குள் 30 மைல் வரம்பு வந்தது.

ஊருக்கு வெளியே கட்டுப்பாடு இல்லை. 1958, 1959இல் திறந்த முதல் மோட்டார்வேக்களிலும் காருக்கு வரம்பு கிடையாது. 1964இல் எம்1 சாலையில் ஒரு ரேஸ் காரை 185 மைல் வேகத்தில் ஓட்டிப் பார்த்திருக்காங்க. 1965 நவம்பரில் பனிமூட்டத்தில் அடுத்தடுத்து விபத்துகள். டிசம்பர் 22 அன்று 70 மைல் வரம்பு 'தற்காலிகமாக' வந்தது. 1967இல் பார்பரா காசில் அதை நிரந்தரமாக்கினார்.

ஆனால் காருக்கு இப்படி முழுச் சுதந்திரம் இருந்த காலத்திலும் கேரவன் இழுப்பவருக்கு அது கிடைக்கலை. அவருக்கு 40 மைல் வரம்பு இருந்தது. பிறகு 1970களில், கேரவன் எடை காரின் எடையை மிஞ்சாமல் இருந்து, பின்னால் '50' என்ற பட்டையும் ஒட்டினால் 50 போகலாம் என்றார்கள். அதுக்கப்புறம்தான் இன்றைய 60.

ஏன் இவ்வளவு தயக்கம்? இங்கேதான் பிசிக்ஸ் வருது.

கேரவன் காரோடு சேர்வது ஒரே ஒரு புள்ளியில், அந்தக் கொக்கியில். பக்கத்தில் ஒரு லாரி வேகமாகக் கடந்தால் அந்தக் காற்றே கேரவனின் பின்பக்கத்தை ஒரு பக்கம் தள்ளும். டயர்கள் அதை நேராக்கப் பார்க்கும். நேராகி, கொஞ்சம் அந்தப் பக்கமும் போகும். மறுபடி இந்தப் பக்கம். ஊஞ்சல் மாதிரி.

குறைந்த வேகத்தில் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதை விடச் சின்னதாகி நின்னுடும். வேகம் கூடக்கூட அது அடங்குவது குறைஞ்சுக்கிட்டே வரும். ஒரு எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதை விடப் பெருசாகும். கேரவன் பாம்பு மாதிரி நெளிஞ்சு, கடைசியில் காரையும் சேர்த்துப் புரட்டிடும். நல்ல டிரைவரா இருந்தாலும் சரி.

அந்த எல்லை எல்லா வண்டிக்கும் ஒண்ணு இல்லை. கனமான சாமானை அச்சுக்கு மேலே, தரையோடு வைத்தால் எல்லை உயரும். எல்லாத்தையும் கடைசியில் அடுக்கினால் இறங்கிடும். ஆட்டம் ஆரம்பிச்சதும் கை தானாகவே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டும், அது ஆட்டத்தைக் கூட்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுக்கணும்.

இன்னொரு கணக்கு. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60ஐ விட 70 மைலில் அது 36 சதவீதம் அதிகம். கேஷுவால்டியில் நைட் டியூட்டி பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, எலும்பும் மண்ணீரலும் தாங்க வேண்டியது அந்த ஆற்றலைத்தான்.

"ஜெர்மனியில்தான் ஆட்டோபானில் லிமிட்டே இல்லையே டாக்டர்?" என்று கேட்பீங்க.

உண்மைதான். வரம்பு போடாத பகுதிகளில் தனியாகப் போகும் கார் 200 கிலோமீட்டரில் போனாலும் சட்டம் தடுக்காது. ஆனால் அதே ரோட்டில் கேரவனை மாட்டினால் 80 கிலோமீட்டர்தான்! 1998இல் கொஞ்சம் இறங்கி வந்து 100 வரை அனுமதித்தாங்க. அதுக்கும் நிபந்தனை உண்டு. காரில் ஏபிஎஸ் இருக்கணும், எடை விகிதம் சரியா இருக்கணும், '100' என்ற வில்லை வாங்கிப் பின்னால் ஒட்டணும். கேரவன் டயருக்கு 6 வயசு ஆகியிருக்கக் கூடாது. டயர் தேயவே இல்லைன்னாலும், 6 வருஷம் முடிஞ்சுதுன்னா திரும்பவும் 80தான்.