பழைய ரம்பமும் புதிய கைப்பிடியும்



தோட்டத்திற்குப் பழைய இரும்பு வாங்க வருகிறவர்களின் லாரியில் துருப்பிடித்த கைரம்பம் ஒன்றேனும் கிடக்கக் காண்கிறோம். கைப்பிடி ஒடிந்திருக்கும், தகடு கறுத்திருக்கும். எடைக்குப் போடுமுன் அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதில் ஒரு வரலாறு இருக்கிறது.

பழைய எகிப்தியர் செம்பில் ரம்பம் செய்தார்கள். செம்பு மெத்தென்ற உலோகம், தள்ளினால் மடங்கிவிடும். ஆகவே இழுத்துத்தான் அறுத்தார்கள். பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்தால் மரத்தூள் வெளியேறும் என்பதை ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். ஆசாரிமார் இன்றும் செய்வது அதைத்தான்.

தள்ளி அறுக்கும் அகன்ற ரம்பத்திற்கு நல்ல எஃகு வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்கு அருகே, பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி 1740-களில் களிமண் மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அவருக்கு வேண்டியிருந்ததோ கடிகாரச் சுருள்வில். பெரும் பயன் பெற்றவையோ ரம்பமும் உளியும் கத்தியும். ஷெஃபீல்டு ரம்பம் உலகெங்கும் போயிற்று.

அதற்குப் போட்டியாக வந்தவர் ஹென்றி டிஸ்டன். 1833-இல், பதினான்கு வயதில், தந்தையோடும் சகோதரியோடும் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வந்து இறங்கினார். கரையேறிய சில நாள்களிலேயே தந்தை இறந்துபோனார். கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் வீட்டிலும் இந்தக் கதை உண்டு. சிறுவன் ரம்பத் தொழில் பழகி, 1840-இல் சொந்தப் பட்டறை வைத்தான். 1855-இல் தானே எஃகு உருக்கத் தொடங்கினான். 1870-களில் டக்கோனி என்ற இடத்தில் தொழிற்சாலையும் தொழிலாளர் வீடுகளும் எழுந்தன. அங்கே மது விற்கக் கூடாது என்று நிலப்பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். கள்ளுக்கடையும் தோட்டமும் சேர்ந்தே இருந்த காலத்தை அறிந்த நமக்கு, இது எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி. வீட்டைத் தொழிலாளி விலைக்கு வாங்கவும் அங்கே வழி இருந்தது. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய் என்ற நிலை நம் பெற்றோர்க்கு இருந்ததையும் நினைத்துக்கொள்கிறோம்.

அந்த ரம்பங்களின் கைப்பிடியில், திருகாணிகளோடு வட்டமான பித்தளை முத்திரை ஒன்று இருக்கும். 1865-இல் மூத்த மகன் பங்காளியானதும் அதில் "டிஸ்டன் அண்ட் சன்" என்று வந்தது. 1871-க்குப் பின் "சன்ஸ்" ஆயிற்று. ஓர் எழுத்து கூடியதால் ரம்பத்தின் வயது தெரிகிறது! கழுகு பொறித்த முத்திரை மட்டும் இருந்தால் ஏமாறவேண்டாம். அதைப் பல கம்பெனிகள் பயன்படுத்தின.

இனி வேலைக்கு வருவோம். முதலில் திருகாணிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். தகட்டின் துருவை, மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால், மண்ணெண்ணெய் தொட்டுத் தேயுங்கள். கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால், தகட்டில் மங்கலாகப் பொறித்துள்ள கம்பெனிப் பெயர் அழிந்துவிடும். மின்சாரச் சாணையில் கொடுப்பது கூடவே கூடாது. சூடேறினால் எஃகின் பதம் போய்விடும். பிறகு அது வெறும் தகரம்.

கைப்பிடிக்கு டிஸ்டன் ஆப்பிள் மரமும் பீச் மரமும் எடுத்தார். நமக்குப் பால் மரமே போதும். ஒரு காலத்தில் விறகுக்கே போன இந்த மரம் 1980-களில் மேசை நாற்காலியாகி வெளிநாடு சென்றது. ஆனால் புதிதாக வெட்டிய பால் மரம் ஆகாது. சில நாளில் பூசணம் பிடித்து நீலக்கறை படியும், வண்டும் துளைக்கும். ஒடிந்த நாற்காலிச் சட்டம் கிடைத்தால் நல்லது. அது மருந்தேறிக் காய்ந்த மரம். பலகை ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். ஒடிந்த பழைய கைப்பிடியைக் காகிதத்தில் ஒட்டவைத்து வரையுங்கள். மிக மெலிந்த இடத்தில் மரத்தின் ரேகை நெடுக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் முதல் அழுத்தத்திலேயே முறியும். தகடு நுழையும் பிளவை முதலில் அறுங்கள். தகட்டை நுழைத்துப் பார்த்து, அதிலுள்ள துளைகளுக்கு நேராகவே மரத்தில் துளையிடுங்கள். உருண்டையாகச் செதுக்குவது அதற்குப் பிறகு.

இத்தனை பாடு எதற்கு, கடையில் புதிது கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் இப்போதைய ரம்பங்கள் பலவற்றின் பல்நுனி சூடேற்றிக் கடினமாக்கப்பட்டது. அதில் அரம் ஏறாது. மழுங்கினால் குப்பைக்குத்தான். பழைய தகட்டை முக்கோண அரத்தால் எத்தனை முறையும் தீட்டலாம். ஒரு பக்கம் சாய்ந்த பற்களை முடித்துவிட்டு, ரம்பத்தைத் திருப்பி வைத்து மற்றப் பற்களை அராவுங்கள். பல்லைச் சாய்க்கும்போது அடிவரை வளைக்கவேண்டாம். மேல்பாதி மட்டும் போதும். அடியோடு வளைத்தால் பல் முறிந்துவிடும்.