விட்டவன் விழுக்காடு: திருமலைத் தளிகையும் அதன் பங்காளிகளும்

திருவேங்கடமுடையான் திருக்கோயில் திருமதிள்களில் வெட்டப்பட்டுள்ள சாஸனங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழ்ச் சாஸனங்கள். தேவஸ்தானத்தார் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்ட அவற்றைப் படிக்கத் தொடங்குவோர் வெற்றிச் செய்திகளையும் வம்சாவளிகளையும் எதிர்பார்ப்பாராயின் விரைவில் சலிப்படைவர். அரிசி இத்தனை மரக்கால், நெய்யமுது இத்தனை நாழி, பயறு, உப்பமுது, மிளகமுது, கறியமுது, தயிரமுது, அடைக்காயமுது, இலையமுது என்று சமையற்கட்டின் கணக்கே பக்கந்தோறும் நிரம்பியிருக்கும். ஆயினும் பொறுமையோடு படிப்பவர் கண்ணில், பல சாஸனங்களின் இறுதிப் பகுதியில் ஒரு சொற்றொடர் மீண்டும் மீண்டும் தென்படும். அதுவே விட்டவன் விழுக்காடு. கட்டளையை ஏற்படுத்தியவனுக்கு, எம்பெருமான் அமுது செய்தருளின பிரஸாதத்தில் நாலில் ஒரு பங்கு உரியது. அது அவன் சந்ததியாருக்கும் தொடர்ந்து செல்லும் என்பது அதன் பொருள்.

இத்தொடரைக் கண்டு ஸம்ப்ரதாயஜ்ஞர்கள் சிலர் முகஞ்சுளித்ததுண்டு. கொடுத்ததைத் திரும்பக் கொள்ளுதல் தத்தாபஹாரம் என்று தர்மசாஸ்த்ரங்கள் கண்டிக்கின்றன. எம்பெருமானுக்கு என்று ஒருவன் பொருளை ஸமர்ப்பித்துவிட்டு, அதிலேயே கால் பங்கு தனக்கென்று கல்லில் வெட்டி வைத்துக்கொள்வது கைங்கர்யமாகுமா, வியாபாரமாகுமா என்பது கேள்வி. எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வி அன்று. விடை காண்பதற்கு முன் அக்கட்டளைகள் எவ்வாறு நடந்தன என்பதை அறிய வேண்டும்.

தொடக்கத்தில் முறை எளிமையாகவே இருந்தது. பல்லவ குலத்துச் சாமவை என்னும் காடவன் பெருந்தேவி வெள்ளித் திருமேனியை எழுந்தருளப் பண்ணி, நிலம் விட்டு, நித்யப்படிக்கு வழி செய்தாள். அச்சாஸனம் 966ஆம் ஆண்டினதாகக் கணிக்கப்படுகிறது. நிலம் விளைந்தது, விளைந்தது மலையேறியது. விஜயநகர காலத்தில், அதாவது 15, 16ஆம் நூற்றாண்டுகளில், இம்முறை விரிந்தது. கட்டளைக்காரர் நற்பணத்தை ஸ்ரீபண்டாரத்தில் முன்னதாகவே ஒடுக்குவர். ஸ்தானத்தார் அதைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. திருவிடையாட்டமான கிராமங்களில் ஏரி கல்லவும் கால்வாய் வெட்டவும் அப்பணத்தை இடுவர். அதனால் மிகுந்து விளைந்ததைக் கொண்டு, குறித்த நாளில் குறித்த தளிகையைக் கண்டருளப் பண்ணுவர். ஆதலின் கட்டளைக்காரன் கொடுத்தது சோறன்று, நீர். ஏரியில் தேங்கிய அந்த நீர் அக்கட்டளைக்கு வேண்டிய நெல்லை மட்டுமா விளைவித்திருக்கும்? அந்தக் கிராமத்துக் குடிகளின் வயலிலும் அது பாய்ந்தது.

அரிசியை அளந்த மரக்காலுக்கு மலைகுனிய நின்றான் கால் என்று பெயர் வழங்கியதைச் சாஸனங்களில் காணலாம். அளவுகோலுக்கும் எம்பெருமான் திருநாமத்தை இட்டவர்கள், ஒரு நாழி குறைந்தாலும் அது யாருக்குக் குறைந்ததாகும் என்பதை அறிந்தே இட்டார்கள் போலும்.

ஜப்பானில் 1970களிலும், வட அமெரிக்காவில் 1986 முதலும், நகரத்துக் குடும்பங்கள் அருகிலுள்ள உழவருக்கு ஆண்டின் தொடக்கத்திலேயே பணம் கொடுத்துவிட்டு, அந்தந்தப் பருவத்தில் விளைவதை வாரந்தோறும் பங்காகப் பெறும் வழக்கம் தோன்றிப் பரவியுள்ளது. முன்பணம், நிலம், பங்கு என்ற மூன்றும் இரண்டிலும் ஒக்கும். ஆயினும் ஒரு வேற்றுமை பெரிது. அங்கே மழை பொய்த்தால் பங்கு குறையும். உழவரின் நஷ்டத்தில் பங்காளியும் சேர்ந்துகொள்கிறார். திருமலையிலோ அளவு கல்லில் நின்றுவிடுகிறது. ஏரி உடைந்தாலும் எம்பெருமானுக்கு அமுது செய்யும் படி குறையலாகாது. அந்தப் பொறுப்பு முழுவதும் ஸ்ரீபண்டாரத்தின் மேலது.

தளிகையின் பண்டங்கள் எங்கிருந்து வந்தன? நெல், பயறு, நெய், தயிர், வெல்லம், காய்கள் ஆகியவை மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்தும் சுற்றுவட்டத்துத் திருவிடையாட்ட ஊர்களிலிருந்தும் வந்தன. கோயில் தன் நாட்டில் விளைந்ததை மட்டுமே கொண்டது என்று சொல்லிவிடுவதும் மிகையாகும். மிளகு மலைநாட்டுச் சரக்கு. பச்சைக்கர்ப்பூரம் கடல் கடந்து வந்தது. தொலைவிலிருந்து வந்தவை சிட்டிகை அளவின. வயிற்றை நிரப்புவன அருகில் விளைந்தன. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் கண்டருளப் பண்ணும் வழக்கமும் இங்கே நினைக்கத்தக்கது. நெல் விளையும் காவிரிக் கரையில் கோதுமை அயலது. வடக்கிலிருந்து வந்த நாச்சியாருக்கு அவர் பிறந்த நாட்டின் உணவு என்பதே அதன் கருத்து. ஆகவே தேசத்துக்கேற்ற ஆஹாரம் என்ற விதிக்கு அதுவும் புறம்பாகாது.

காலத்துக்கேற்பத் தளிகை மாறுவதைத் திருக்கோயில் அடியார் அனைவரும் அறிவர். மார்கழிக் குளிரில் மிளகும் நெய்யும் மிகுந்த பொங்கல். கோடைத் திருநாளில் பானகமும் வடைபருப்பும் நீர்மோரும். திருமாளிகைகளில் ஏகாதசியின் மறுநாள் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்ற மூன்றையும் தேடி அலைவதும் இவ்வகையதே. பட்டினி கிடந்த வயிற்றுக்கு எது ஹிதம் என்பதைப் பெரியோர் அறிந்திருந்தனர். மூன்றும் கொல்லையில் கிடைப்பவை. விலைக்கு வாங்க வேண்டியிருந்ததில்லை.

இவ்விடத்தில் ஒரு பிழையான நம்பிக்கையைத் திருத்துதல் வேண்டும். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் முதலியவற்றை ஸ்வாமி தேசிகன் நிஷேதித்தருளினார் என்று சிலர் மேடைகளில் பேசுகின்றனர். ஆஹாரநியமம் அருளிச்செய்த தேசிகன் எழுந்தருளியிருந்த காலம் 1268 முதல் 1369 வரை. மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக இந்நாட்டை அடைந்ததோ 16ஆம் நூற்றாண்டில். உருளைக்கிழங்கும் தக்காளியும் அதற்கும் பிற்பட்டே அடுக்களைகளில் புகுந்தன. இல்லாத காயை எப்படி விலக்குவது? மடைப்பள்ளிகள் அவற்றை ஏற்காதது சிஷ்டாசாரத்தால். கட்டளைகள் கல்லில் ஏறிய நாளில் எவை எம்பெருமானுக்குரியவையாக எழுதப்பட்டனவோ அவையே தொடர்ந்தன. பிறகு வந்தவற்றுக்குப் படியில் இடமில்லை. சிஷ்டாசாரமும் ப்ரமாணமே. ஆயினும் அதை அதன் பெயராலேயே சொல்ல வேண்டும். ஆசார்யன் சொல்லாததை அவர் வாயில் இடுதல் அபசாரம்.

இனி, தத்தாபஹாரம் என்ற ஆக்ஷேபத்துக்கு வருவோம். ஸாதன ஸப்தகத்துள் முதலாவதான விவேகத்தை விளக்குமிடத்து, ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்ற மூவகை தோஷமும் இல்லாத அன்னத்தால் சரீரம் சுத்தமாதலே விவேகம் என்று வாக்யகாரர் வழியில் நின்று எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் நிர்வஹித்தருளினார். வெங்காயம், பூண்டு முதலியவற்றில் ஜாதி தோஷம். மயிர் முதலியன விழுந்ததில் நிமித்த தோஷம். இவ்விரண்டும் கண்ணுக்குப் புலப்படும். ஆச்ரய தோஷம் அப்படிப்பட்டதன்று. இது யாருடைய அன்னம், எவ்வழியில் ஈட்டியது என்பதை இலையில் அமர்ந்தவன் எங்ஙனம் அறிவான்? அரசன் விட்ட நற்பணத்தில் எத்தனை பேரின் கண்ணீர் கலந்திருந்தது என்பதை மரக்கால் அளந்து காட்டாது. அன்னம் எம்பெருமானுக்கு நிவேதிக்கப்பட்டபின் அதற்கு ஆச்ரயம் அவனே. ஆகவே கட்டளைக்காரனுக்குக் கிடைக்கும் கால் பங்கு அவன் கொடுத்த பொருளன்று, வேறொருவருடைய உச்சிஷ்டம். கொடுத்தது ஒன்று, கொள்வது மற்றொன்று, தத்தாபஹாரத்துக்கு இடமேயில்லை.

இந்த ஸமாதானம் போதுமானதாகத் தோன்றினும் முழுமையானதன்று. கீதையின் மூன்றாம் அத்யாயத்தில் யஜ்ஞசேஷத்தை உண்பாரைப் பற்றிய ச்லோகத்துக்கு பாஷ்யமிடும்போது, பரமபுருஷனுடைய ஆராதனத்துக்கு என்றே பொருளைச் சேகரித்து, சமைத்து, ஆராதித்து, அதன் மிகுதியால் தேஹயாத்ரை நடத்துவோரையே உடையவர் கொண்டாடுகிறார். சேகரிக்கும்போதே நோக்கம் எது என்பது அங்கே நிறுக்கப்படுகிறது. கால் பங்கையே நோக்கமாகக் கொண்டு பணம் ஒடுக்கியவனை இந்த பாஷ்யம் காப்பாற்றாது. அப்படிப்பட்டவர்களும் இருந்திருப்பர். பங்குகள் கைமாறியதும் உண்டு. பர்ட்டன் ஸ்டைன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கோயிலின் பொருளாதாரச் செயற்பாட்டை ஆராய்ந்து, பணம் நீர்ப்பாசனத்துக்குச் சென்ற வழியைத் தெளிவுறுத்தினார். அவ்வளவில் அவர் கூற்று கொள்ளத்தக்கதே. பிரஸாதத்தை வருவாயாக மட்டும் எண்ணினால் விடுபடுவது ஒன்றுண்டு: சோறு மறுநாளைக்கு நில்லாது.

பொன்னை மூட்டை கட்டலாம். நெல்லைக் குதிரில் இடலாம். வெந்த திருவமுதை அன்றே, அங்கேயே, யாராவது உண்டாக வேண்டும். திருமலைக்கு 1513 முதல் 1521 வரை ஏழு முறை எழுந்தருளிய கிருஷ்ணதேவராயர், எஞ்சிய நாள்களில் தம் பங்கை விஜயநகரத்தில் இருந்துகொண்டு எவ்வாறு உண்பார்? அதிரஸமும் அப்பமும் வழிக்குத் தாங்கும். பணியாரப் படிகள் அக்காலத்தில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தளிகைச் சோற்றுக்கு வேறு கதி இல்லை. தூரத்தில் இருக்கும் கட்டளைக்காரன் தன் விழுக்காட்டை அங்கிருப்பார் ஒருவருக்கு எழுதி வைத்தே தீர வேண்டும். பங்கு தனதாக இருந்தும் உண்பவன் பிறனாக இருக்கும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இதை நன்கறிந்து பயன்படுத்தியவர் கந்தாடை இராமானுசையங்கார். ஸாளுவ நரஸிம்ஹர் ஏற்படுத்திய இராமானுஜகூடங்களுக்கு அவர் கர்த்தராயிருந்தார். அரசரின் கட்டளைகளுக்குரிய விட்டவன் விழுக்காடு அக்கூடத்துக்குச் சேர்ந்தது. மலையேறி வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் அதை உண்டனர். பூணூல் தரியாத சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்களை அவர் தம் சிஷ்யர்களாக அங்கே அமர்த்தி, பங்குக்கும் உரியவராக்கினார் என்பது சாஸனங்களால் தெரிவது. ஸ்தானத்தார் பன்னிரண்டு நிர்வாகத்துக்கும் தனித்தனிப் பங்கு உண்டு: திருப்பதி ஸ்ரீவைஷ்ணவர் நால்வர், திருச்சுகனூர் ஸபையார் மூவர், நம்பிமார் ஒருவர், கோயில் கேட்கும் ஜீயர்கள் இருவர், கோயில் கணக்கர் இருவர். இந்த வரிசைக்கு வெளியே நின்றவர்களை உள்ளே கொணரக் கந்தாடையார் புதிய சட்டம் எதையும் இயற்றவில்லை. கல்லில் முன்பே இருந்த கால் பங்கை அவர்கள் பக்கம் திருப்பினார். பிற்காலத்தில் அப்பெருந்தன்மை குறுகியது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். சாத்தாதவர் பலர் கூடத்தின் வாசலிலிருந்து விலக நேர்ந்தது திருமலைக்குப் பெருமை சேர்ப்பதன்று.

நவாபுகள் காலத்திலும், 1801 முதல் கும்பினியார் காலத்திலும் கோயில் வருவாய் அரசின் கைக்குச் சென்றது. கிராமத்தின் மேல் கோயிலுக்கிருந்த நேர்ப்பிடி தளர்ந்தது. 1843இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மஹந்துவிடமும், 1933இல் தேவஸ்தானக் குழுவிடமும் வந்தது. ஏரிக்குப் பணம், வயலில் நெல், மலையில் தளிகை என்ற சங்கிலியின் நடுக்கண்ணி அறுந்தபின், பண்டங்கள் விலைக்கு வாங்கப்படுபவை ஆயின. பங்கு மட்டும் மிராசு என்ற பெயரில் எஞ்சியது. ஆந்திர அரசின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் நீக்கியது. உச்சநீதிமன்றம் 1996இல் அதை உறுதி செய்தது. மிராசுக் குடும்பங்களுக்கு அது பேரிழப்பு. ஆனால் நிலத்தோடும் ஏரியோடும் தொடர்பற்றுப்போன பங்கு வெறும் உரிமையாக நின்றிருந்தது என்பதும் உண்மை.

இன்றும் லட்டு முதலாய பணியாரங்கள் எவ்வளவு பெருகினாலும் குலசேகரப்படிக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. அப்படியைக் கடந்து திருவடி வாரத்தில் ஸமர்ப்பிக்கப்படுவது மாத்ரை என்னும் தயிர்ச்சாதம் ஒன்றே. அதுவும் அன்றன்றைக்குப் புதிதான மண்சட்டியில். மலைக் குயவராகிய குறும்பறுத்த நம்பி மண் பூக்கள் இட்டு ஆராதித்ததை நினைத்து என்று பெரியோர் பணிப்பர்.