தோட்டத் தொழிலாளர் நலன்: கொடையா, உரிமையா?

தொழிலாளர் நலன் என்பது முதலாளியின் பெருந்தன்மையிலே பிறப்பது என்றொரு கருத்து நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. நல்ல துரை வாய்த்தால் நல்ல வாழ்வு என்று நம்புவோர் இன்றும் உளர். இக்கருத்து எத்துணை உண்மையானது? மலைநாட்டின் வரலாற்றையே சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

கோப்பிக் காலத்திலே தமிழகத்துக் கிராமங்களை விட்டு மன்னார் வழியாக நடந்து வந்த மக்களுள் எண்ணற்றோர் வழியிலும் தோட்டத்திலும் நோய்க்கு இரையாயினர். 1872இல் வைத்தியத் தேவைகள் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகளில் மருத்துவ வசதி ஓர் ஒழுங்குக்குள் வரத் தொடங்கியது. இதனை வெறும் இரக்கத்தின் விளைவு என்று கொள்வதற்கில்லை. தொழிலாளி இறந்தால் அவனுக்குக் கொடுத்த முற்பணமும் அவனோடு போயிற்று. பழம் பறிக்கும் கையும் ஒன்று குறைந்தது. அக்காலத்திலேயே, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்வதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிய 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் நடைமுறையில் இருந்தமையை மறத்தலாகாது. ஓடிப்போகாமலும் செத்துப்போகாமலும் இருக்கவேண்டும் என்பதே அன்றைய நலன் பேணல்!

'துண்டு' முறை இதனினும் கொடியது. தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்து, அதனைச் செலுத்துவோரிடம் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. கடனோடு சேர்ந்து மனிதனும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினான். பெரிய கங்காணியின் கணக்கேட்டில் ஏறிய கடன் இறங்கியதில்லை. குடியிருப்போ பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயத்து அறை. சமையலும் உறக்கமும் மகப்பேறும் அதற்குள்ளேதான்.

துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. தஞ்சையிலிருந்து வந்து 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்திய கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். தோட்டத்துள் அந்நியர் நுழைவதே குற்றமாகக் கருதப்பட்ட அந்நாளிலே, அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டின் மூலம் மக்களைத் தட்டியெழுப்பினார். 1939இல் மகப்பேற்று நன்மைச் சட்டம் நிறைவேறியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அவ்வாண்டிலேயே தோட்ட முதலாளிமார் தொழிற்சங்கங்களுடன் ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொண்டனர். அந்நாள்வரை கேட்காத காதுகள் அப்பொழுதுதான் கேட்கலாயின.

இவ்வாறு வென்றவை நிலைத்தனவா? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாதவனின் லயம் ஒழுகினால் யார் கவலைப்படுவர்? 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலியும் விதிக்கப்பட்டன. கொழுந்து பறிப்போர் பெண்களேயாக இருந்தும், அந்த வேற்றுமை நீங்க 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் பெயர்ந்து சென்று குடியேற அவர்களுக்கெனச் சொந்த நிலம் இருக்கவில்லை. நூற்றாண்டு கடந்தும் தொழிலாளியின் கூரை தோட்டத்தின் உடைமையாகவே இருந்ததன் விலை அது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மருந்தும் பிள்ளைக் காம்பராவும் வேண்டியனவே. அவற்றைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. நல்லெண்ணம் கொண்ட துரைமாரும் இருந்தனர். ஆனால் துரை மாறினால் மாறிப்போகும் நலன் நலனாகாது. தன் குறையைத் தானே அச்சமின்றிச் சொல்லவும், சொன்னதற்கு விடை பெறவும், தன் நிலத்திலே தன் கூரையின்கீழ் உறங்கவும் தொழிலாளிக்கு உரிமை இருக்குமிடத்திலேதான் நலன் பேணும் பண்பாடு வேரூன்றும். அவ்வுரிமையை முழுமையாக வென்றெடுக்கும் பணி இன்னும் முடியவில்லை. அப்பணியில் எழுத்தாளரும் ஆசிரியரும் தொழிலாளரின் பக்கத்திலே நிற்கக் கடமைப்பட்டுள்ளோம்.