முன்வரிசை இல்லாத இரண்டு இசைத்தட்டுகள்: கிறிஸ் பார்பர் குழுவும் மரபு ஜாஸின் நீண்ட ஆயுளும்

ஜாஸ் ரசிகர் வட்டத்துக்கு வெளியே கிறிஸ் பார்பர் குழுவின் பெயர் பரவியதற்கு இரண்டு இசைத்தட்டுகளே காரணம். ஒன்று, 1954 ஜூலை 13 அன்று லண்டனில் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவான 'ராக் ஐலண்ட் லைன்'. மற்றது, 1956 அக்டோபரில் பதிவாகி, 1959இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடத்தையும் அமெரிக்கப் பட்டியலில் 5ஆம் இடத்தையும் எட்டிய 'பெத்தீத் ஃப்ளோர்'. முதல் தட்டில் ட்ரம்பெட், கிளாரினெட், ட்ராம்போன் ஆகிய மூன்றுமே ஒலிக்கவில்லை. இரண்டாவதில் கிளாரினெட் மட்டும் தாளக் கருவிகளோடு தனித்து ஒலிக்கிறது.

இது கவனத்துக்குரிய செய்தி. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸின் அடையாளமே இம்மூன்று காற்றுக்கருவிகள் சேர்ந்த முன்வரிசைதான். ட்ரம்பெட் மெட்டை ஏந்திச் செல்லும். அதற்கு மேலே கிளாரினெட் பின்னிக்கொண்டு ஓடும். கீழே ட்ராம்போன் சுரங்களைச் சறுக்கியும் ஊன்றியும் அடித்தளம் போடும். மூவரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு வழியில், எழுதி வைக்காமல் வாசிப்பார்கள். அந்த மரபின் பெயரால் தொடங்கிய குழு, அந்த அடையாளமே இல்லாத இரண்டு பதிவுகளால் உலகப் புகழ் பெற்றது. சந்தைக்காக மரபைக் கைவிட்டதன் விளைவு இது என்று தூய்மைவாதிகள் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. இரண்டுமே நீள்தட்டின் உள்ளே ஒரு மூலையில் இருந்த பதிவுகள். பதிவாகி ஓராண்டுக்கும் மேல் கழிந்த பிறகே தனித்தட்டுகளாகப் பரவின. விற்கும் என்று எண்ணி யாரும் அவற்றை வாசிக்கவில்லை. மரபு என்பதைப் பார்பர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதிலிருந்தே அவை பிறந்தன. அவர் தலைமையில் குழு அறுபத்தைந்து ஆண்டு நீடித்ததற்கும் அந்தப் புரிதலே காரணம் என்பது என் வாதம்.

அந்தப் புரிதல் எங்கிருந்து வந்தது? 1930களின் நடுவிலிருந்து 1956வரை, பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்துக்கும் அமெரிக்கச் சங்கத்துக்கும் இடையிலான பூசலால், அமெரிக்க ஜாஸ் குழுக்கள் பிரிட்டனில் வாசிக்க அனுமதி கிடைப்பது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. 1930இல் பிறந்த பார்பரின் தலைமுறைக்கு ஜாஸ் என்பது 78 சுழற்சி அரக்குத் தட்டுகளில் வந்த ஒலி. அவர் இளம் வயதிலிருந்தே தட்டுகளைத் தேடிச் சேர்த்தவர். சேகரிப்பாளனின் அலமாரியில் கிங் ஆலிவருக்குப் பக்கத்திலேயே பெஸ்ஸி ஸ்மித் இருப்பார், எலிங்டன் இருப்பார், லெட்பெல்லியும் இருப்பார். இவர்களில் யார் ஜாஸுக்கு உள்ளே, யார் வெளியே என்று அந்த அலமாரி பிரித்துக் காட்டாது.

ட்ரம்பெட்காரர் கென் காலியர் நேரெதிரான வழியில் போனவர். வணிகக் கப்பலில் மாலுமி வேலைக்குச் சேர்ந்து, 1952இல் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கப்பலை விட்டிறங்கி, நியூ ஆர்லியன்ஸுக்கே போய் ஜார்ஜ் லூயிஸ் போன்ற மூத்த கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தார். அனுமதிக் காலம் கடந்துவிட்டதால் சிறையில் அடைக்கப்பட்டு, 1953இல் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். லண்டனில் அவருக்காக ஒரு குழு தயாராகக் காத்திருந்தது: ட்ராம்போனில் பார்பர், கிளாரினெட்டில் மான்டி சன்ஷைன், பான்ஜோவில் லானி டோனிகன், டபுள் பாஸில் ஜிம் பிரே, ட்ரம்ஸில் ரான் பௌடன். பியானோ கிடையாது. அந்த ஏப்ரலில் டென்மார்க்குக்குப் போய் வாசித்துவிட்டு வந்து, காலியர் பெயரில் மேடையேறினார்கள்.

ஓராண்டுதான் தாங்கியது. 1954 மே மாதம் காலியர் சில வாத்தியக்காரர்களை நீக்கப் பார்த்தார், மற்றவர்கள் இணங்கவில்லை, கடைசியில் காலியர்தான் வெளியேறினார். மே 31 அன்று குழு பார்பரின் பெயரை ஏற்றது. காலியரின் இடத்துக்கு பாட் ஹால்காக்ஸ் வந்தார். 1953இலேயே இந்தக் குழுவுக்கு முதலில் நினைத்த ட்ரம்பெட்காரர் அவர்தான். வேதியியல் வேலையை விட மனமில்லாமல் அப்போது ஒதுங்கியிருந்தவர். 1954இல் சேர்ந்து 2008வரை, 54 ஆண்டுகள், அதே இடத்தில் நின்றார். ஒரே தலைவரின் கீழ் ஒரு கலைஞர் இத்தனை காலம் நீடித்ததற்கு இணை தேடுவது கடினம்.

இந்தப் பிளவை ஆளுமை மோதலாக மட்டும் எழுதுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் பிளவு நடந்து ஆறே வாரத்தில் பதிவான 'நியூ ஆர்லியன்ஸ் ஜாய்ஸ்' நீள்தட்டைக் கேட்டால், அடியில் கிடந்த கருத்து வேறுபாடு காதிலேயே விழும். கிங் ஆலிவரின் 'சைம்ஸ் புளூஸ்' அதில் இருக்கிறது. எலிங்டனின் 'ஸ்டீவ்டோர் ஸ்டாம்ப்' இருக்கிறது. கூடவே டோனிகன் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்'. காலியர் கட்டிய வேலிக்குள் எலிங்டனுக்கு இடமில்லை. ஆனால் நாட்டார் பாடலுக்கு இடமிருந்தது. இங்கே காலியருக்கு நியாயம் செய்தாக வேண்டும்: நிகழ்ச்சியின் இடைவேளையில் கிட்டாரோடு அமெரிக்க நாட்டார் பாடல்களைப் பாடும் 'ஸ்கிஃபிள்' வழக்கத்தை இந்தக் குழுவுக்குள் கொண்டுவந்ததே அவர்தான்.

அந்தப் பதிவைச் சற்று அருகிலிருந்து கேட்போம். டோனிகன் கிட்டாரோடு, பாட்டாக அன்றிப் பேச்சாகத் தொடங்குகிறார்: சரக்கு ரயில் சுங்கச் சாவடியை நெருங்குகிறது, ஓட்டுநர் ஆடுமாடு ஏற்றியிருப்பதாகச் சொல்லி வரி கட்டாமல் தப்பி, தாண்டிப் போனதும் இரும்பு ஏற்றியிருந்ததைக் கூவிச் சொல்கிறார். பிறகு வண்டி வேகமெடுக்க, பாட்டும் வேகமெடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் காலப்பிரமாணம் ஏறி, முடிவில் மூச்சிரைக்கும் ஓட்டமாகிறது. ட்ராம்போன்காரர் பார்பர் இங்கே டபுள் பாஸ் வாசிக்கிறார். லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியில் அவர் இரண்டு கருவியும் படித்தவர். பெரில் பிரைடன் என்ற பாடகி, விரல்களில் உறை மாட்டிக்கொண்டு, துணி துவைக்கும் தகரப் பலகையை உரசித் தாளம் போடுகிறார். இவ்வளவுதான். மூன்று சுரக்கட்டுகள் தெரிந்த எந்தச் சிறுவனும் வீட்டிலிருக்கும் பொருள்களைக் கொண்டு இதைச் செய்துபார்க்கலாம். 1956 தொடக்கத்தில் இது தனித்தட்டாக 8ஆம் இடத்துக்கு ஏறியதும் அப்படித்தான் நடந்தது. ஜான் லெனன் லிவர்பூலில் தொடங்கிய குவாரிமென் அப்படிப்பட்ட ஒரு ஸ்கிஃபிள் குழு. பாடிய டோனிகனுக்கு டெக்கா கொடுத்தது அன்றைய பதிவுக் கூலி மட்டுமே.

காலியரின் ஆட்சேபத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மூவர் கூடி நெய்யும் ஒலி, ஒருவர் முன்னே நிற்க மற்றவர் துணை வாசித்தால் சிதைந்துபோகும் என்றார். அது உண்மை. 'பெத்தீத் ஃப்ளோர்' அழகான பதிவு. ஆனால் அதில் நியூ ஆர்லியன்ஸ் இல்லை, சிட்னி பெஷேயின் மெட்டும் சன்ஷைனின் இனிய நாதமும் மட்டுமே உண்டு. 1960க்குப் பிறகு மூன்றாண்டு அடித்த 'ட்ராட்' என்ற மரபு ஜாஸ் அலையில், வரிக்கோட்டு அரைக்கோட்டும் வட்டத் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்த குழுக்கள் பலவும் அந்த இனிமையைத்தான் நகலெடுத்தன. காலியர் அஞ்சியது அங்கே நடந்தேவிட்டது. அவர் 1988இல் இறக்கும்வரை தம் வழியை விட்டு விலகவில்லை; அவர் காத்த ஒலிக்கு இன்றும் மதிப்புண்டு.

ஆனால் பார்பர் அந்த இனிமையில் தங்கிவிடவில்லை என்பதே இங்கு முக்கியம். 1955 தொடக்கத்தில் ஆட்டிலி பாட்டர்சன் குழுவில் சேர்ந்தார். வட அயர்லாந்தின் கோம்பர் என்ற சிற்றூரில் பிறந்த ஓவிய ஆசிரியை. பெஸ்ஸி ஸ்மித்தின் பாடல்களை அவர் பாடியபோது ஐரோப்பிய மேடையில் புளூஸ் முதன்முறையாகப் பாவனை நீங்கி ஒலித்தது என்று நான் கருதுகிறேன். அடுத்ததாக, தட்டில் மட்டும் கேட்டவர்களை நேரில் அழைத்துவந்தார் பார்பர். 1957இல் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். 1958இல் சன்னி டெரியும் பிரவுனி மெக்கீயும். அதே ஆண்டு அக்டோபரில் மடி வாட்டர்ஸ். லாபம் இவர் நோக்கமில்லை. தம் குழு ஈட்டிய பணத்தைச் செலவிட்டே அழைத்தார், கூட நின்று வாசித்துக் கற்க வேண்டும் என்பதற்காக. மடி வாட்டர்ஸின் மின்கிட்டார் ஒலியைக் கேட்டுச் சில விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து பாடும் கிழவர் ஒருவரை அவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். பார்பரோ அடுத்த ஆண்டு அமெரிக்கா போனபோது, சிகாகோவில் மடி வாட்டர்ஸ் வாசித்த மதுக்கூடத்துக்கே போய் அந்த உரத்த ஒலியை அதன் சொந்த இடத்தில் கேட்டார்.

இதன் விளைவை லண்டனின் மார்க்கீ மன்றத்தில் காணலாம். ஹெரால்ட் பெண்டில்டனும் பார்பரும் இணைந்து 1958இல் ஆக்ஸ்ஃபர்ட் தெருவில் தொடங்கிய ஜாஸ் மன்றம் அது. பார்பர் குழுவோடு புளூஸ் வாசித்துவந்த அலெக்சிஸ் கார்னரும் சிரில் டேவிஸும் 1962இல் தம் சொந்தக் குழுவோடு அங்கே வியாழன்தோறும் மேடையேறினார்கள். ஜூலை 12 அன்று அவர்கள் பிபிசி ஒலிபரப்புக்குப் போனதால் காலியான மேடையில்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் முதன்முதலாக வாசித்தது. மரபு ஜாஸை வீழ்த்திய தலைமுறைக்கு மரபு ஜாஸ்காரர் ஒருவரே மேடை போட்டுக் கொடுத்தார் என்று இதைத் துயரக் கதையாகச் சொல்வோர் உண்டு. பார்பர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்குச் சான்று அவர் அடுத்து செய்தது: 1964இல் ஜான் ஸ்லாட்டரின் மின்கிட்டாரைத் தம் குழுவிலேயே சேர்த்தார். சில ஆண்டுகளில் குழுவின் பெயரில் 'ஜாஸ்' என்பதோடு 'புளூஸ்' என்பதும் சேர்ந்தது. ட்ராட் அலையோடு எழுந்த குழுக்கள் பல அதோடு அடங்கின. இந்தக் குழுவுக்கு ஜெர்மனியில், பெர்லின் சுவரின் இருபுறமும், அவையோர் குறையவில்லை.

2001இல் குழு 11 பேராகப் பெருகி, எலிங்டனின் 1920களின் இசையை முழு வீச்சில் வாசித்தது. 1954இல் 'ஸ்டீவ்டோர் ஸ்டாம்ப்' வழியாகத் தொட்ட இழையை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து எடுத்து நெய்தார் எனலாம். 2019இல், 89 வயதில், பார்பர் ஓய்வு பெற்றார். 2021 மார்ச் 2 அன்று மறைந்தார்.

என் வாதத்தின் பலவீனமான இடமும் இங்கேதான் இருக்கிறது. ஹாலந்தின் டச் ஸ்விங் காலேஜ் பேண்ட், அந்நாடு விடுதலை பெற்ற 1945 மே 5 அன்று தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரும் நெடுங்காலத் தலைவருமான பீட்டர் ஸ்கில்பரோர்ட் 1990இல் இறந்தார். தலைமை கிளாரினெட்காரர் பாப் காபரிடம் போனது. குழு நிற்காமல் நடந்தது. அங்கே மரபு என்பது ஒருவர் மற்றவருக்குக் கைமாற்றக்கூடிய வாசிப்பு முறை. பார்பர் குழுவில் அது ஒரு தனிமனிதரின் தேடல். எதைக் கேட்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று அவர் காது எடுத்த முடிவுகள். அந்தத் தேடல்தான் குழுவை ஒரே பாணிக்குள் முடங்காமல் காத்தது. ஆனால் வாசிப்பு முறையைப் போல, அந்தத் தேடலை இன்னொருவர் கைக்கு அப்படியே மாற்றிக் கொடுத்துவிட முடியாது.