ரம்மியும் போக்கரும்: தோல்விக்கு எல்லை எங்கே?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும் சென்னை காசிமேட்டு விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். வலை சீர்பார்த்து, இன்ஜின் பிரித்து மாட்டியது போக மிஞ்சும் பொழுதில் சீட்டுக்கட்டு இறங்கும். அங்கே ஆட்டமென்றால் ரம்மி. போக்கர், செல்போன் வழியே வந்த விருந்தாளி.

2023 ஏப்ரலில் அமலான தமிழக ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம், இரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று ஒரே அட்டவணையில் வைத்தது. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், அந்த அட்டவணை செல்லாது என்றது. இரண்டிலும் திறமை உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தத் திறமை வேலை செய்யும் இடம் வேறு.

ரம்மியில் 13 சீட்டு. ஒரே வகைச் சீட்டுகள் வரிசையாக, ஜோக்கர் கலக்காமல் சேரும் ஒரிஜினல் ரம்மி ஒன்றாவது வேண்டும். எதிராளி ஆட்டின் 7ஐ எடுத்தால், தன்னிடமுள்ள ஆட்டின் 8ஐக் கீழே போடாமல் பிடித்துவைப்பவர் தேர்ந்த கை. இறங்கிய சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால்தான் 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியை மூணு சீட்டிலிருந்து பிரித்துப் பார்த்தது. கை மோசமென்றால் முதலிலேயே விலகலாம், அதாவது ஸ்கூட்; இழப்பு 20 புள்ளி, நடுவில் விலகினால் 40. முழுதாகத் தோற்றாலும் 80தான்.

போக்கரின் ஹோல்டெம் வகையில் கைக்கு 2 சீட்டு. மேசையில் பொதுவாக 5. முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு. சீட்டை மாற்ற வழியில்லை. பந்தயம் கட்டலாம், கூட்டலாம், ஒதுங்கலாம்; நான்கு சுற்றும் இதுதான். 7ம் 2ம் வைத்திருப்பவர் துணிந்து தொகையை ஏற்றினால், ஜோடி வைத்திருப்பவரே சீட்டை மடக்கிவிடலாம். வரம்பில்லா ஆட்டத்தில், முன்னால் உள்ள அத்தனையும் ஒரே கையில் போகலாம். ரம்மியில் பணம் ஆட்டத்துக்கு வெளியே நிற்கிறது. போக்கரில் பணமே காய்.

ஆனாலும் தமிழ்நாட்டில் குடும்பங்களைக் கடனில் தள்ளியதாக அதிகம் பேசப்பட்டது ஆன்லைன் ரம்மிதான். நேரில் கட்டைக் கலைத்துப் பிரிக்கும் நேரத்தில் எழுந்து போகலாம்; செல்போனில் அடுத்த மேசை நொடியில் தயாரானது. 80 புள்ளி என்ற வேலி அங்கே உடைந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. அதுவே சரியான அளவுகோல். எண்ணூரில் ஷிப்ட் முடித்துச் சம்பளத்தோடு வீடு திரும்புபவரைக் காப்பது அவருடைய திறமை அல்ல, ஆட்டத்துக்கு இருக்கும் எல்லை.