தாளுக்கு அடங்காத செடிகள்

தாவரவியலாளர் கையில் அகப்படும் செடிக்கு வழக்கமாக ஒரே கதிதான். பூவோடும் இலையோடும் ஒரு கிளையை ஒடித்து, செய்தித்தாள் மடிப்புகளுக்குள் பரப்பி, பலகைகளுக்கிடையே வைத்து இறுக்கி, ஈரம் போனதும் கெட்டித் தாளில் ஒட்டுவார்கள். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று மூலையில் ஒரு சீட்டு. இப்படி லட்சக்கணக்கான தாள்கள் அடுக்கிய இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். ஒரு செடியின் பெயரில் சந்தேகம் வந்தால், நூறு ஆண்டு கழித்தும் அந்தத் தாளைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள்.

காக்டஸ் செடிகள் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. தண்ணீரைச் சேர்த்துவைப்பதற்கென்றே அமைந்த உடம்பு அது. இறுக்கினால் நசுங்கி அழுகும்; அழுகாவிட்டால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சேகரிப்பாளர்கள் வெள்ளரிக்காய் போல வில்லை வில்லையாக அரிந்து, உள்சதையைச் சுரண்டி எறிந்துவிட்டு, வெந்நீரிலோ ஆல்கஹாலிலோ முக்கிக் கொன்ற பிறகே உலர்த்தினார்கள். அப்படி உலர்ந்த தோலைப் பார்த்து அது நின்ற உயரத்தையோ முள்ளின் கோணத்தையோ யாரால் சொல்ல முடியும்?

சதைப்பற்றுள்ள வேரும் லேசுப்பட்டதல்ல. 1806-இல் பயண ஆய்வாளர் மெரிவெதர் லூயிஸ் தம் பயணத்தின்போது அமெரிக்காவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் ஒரு சிறு செடியைப் பிடுங்கி உலர்த்திக் கொண்டுவந்தார். பிலடெல்பியாவில் அந்தக் காய்ந்த செடியை நட்டுப் பார்த்தபோது துளிர்த்துவிட்டது. அதற்கு ‘லூயிசியா ரெடிவைவா’, அதாவது உயிர்த்தெழுந்த லூயிசியா, என்றே பெயர் வைத்தார்கள்.

இப்படிப்பட்ட செடிகளைப் படிக்க வேண்டுமானால் உயிரோடு வைத்துத்தான் படிக்க வேண்டும். பூக்கப் பத்து ஆண்டு எடுத்துக்கொண்டால் பத்து ஆண்டு தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை பல்கலைக்கழகங்களில் அரிது. மாடியிலும் கண்ணாடிக் கூடத்திலும் தொட்டிகளை அடுக்கிவைத்திருந்த மருத்துவர்கள், பள்ளி ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், நர்சரிக்காரர்களிடம் அது இருந்தது. தொட்டி யாரிடமோ ஆதாரமும் அவரிடம். பேராசிரியரும் நர்சரிக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்தாலொழிய இந்தச் செடிகளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்ற நிலை வந்தது. பன்னாட்டுச் சதைப்பற்றுத் தாவர ஆய்வு அமைப்பு, சுருக்கமாக ஐ.ஓ.எஸ்., அந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்தது.

சதைப்பற்றுத் தாவரங்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களில் ஏறக்குறைய 10,000 சிற்றினங்கள், தண்ணீர்ப் பஞ்சத்துக்குத் தனித்தனியே கண்டுபிடித்த ஒரே விடை அந்தச் சதை. அவற்றுள் காக்டஸ் ஒரு குடும்பம். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். ரிப்சாலிஸ் பேக்கிஃபெரா என்ற ஒரு சிற்றினம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் மரக்கிளைகளில் இயற்கையாகத் தொங்குகிறது. நம் ஊர் வேலியில் முள்ளோடு நிற்கும் இரண்டு செடிகளில் சப்பாத்திக்கள்ளி கடல் கடந்து வந்த காக்டஸ். ஒடித்தால் பால் வடியும் சதுரக்கள்ளியோ இந்த மண்ணுக்கே உரிய யூஃபோர்பியா, ஆமணக்கின் உறவு. தோற்றம் இவ்வளவு ஏமாற்றும்போது பெயர் வைக்கிறவர்கள் தடுமாறியதில் வியப்பில்லை.

தடுமாற்றம் தாவரவியலாளர் லின்னேயஸ் காலத்திலேயே தொடங்கியது. 1753-இல் அவர் தமக்குத் தெரிந்த 22 சிற்றினங்களையும் ‘காக்டஸ்’ என்ற ஒரே பேரினத்தில் போட்டார். அடுத்த ஆண்டே பிலிப் மில்லர் அதைப் பிரித்தார். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டே போனார்கள். 1905-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு ‘காக்டஸ்’ என்ற பேரினப் பெயரையே தள்ளிவிட்டு ‘மாமில்லாரியா’வைக் காப்பாற்றியது. ஆக, குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த பேரினம் இன்று அந்தக் குடும்பத்தில் இல்லை. அமெரிக்கர்களான பிரிட்டனும் ரோஸும் 1919 முதல் 1923 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் 124 பேரினங்கள் இருந்தன. தென்னாப்பிரிக்காவின் மெசெம் என்ற சதைப்பற்றுச் செடிகளிலும் இதே கதை. லின்னேயஸ் வைத்த ஒற்றைப் பேரினத்தை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் என். இ. பிரவுனும், கேப் டவுனில் லூயிசா போலஸும், ஜெர்மனியில் ஷ்வான்டெஸும் போட்டி போட்டுக்கொண்டு உடைத்தார்கள்.

இதில் வியாபாரமும் கலந்தது. புதுப் பெயருள்ள செடிக்குப் புது விலை. விலைப்பட்டியலில் ஒரு வரி கூடினால் வாங்க ஆள் உண்டு. ஹாம்பர்க் வணிகரான குர்ட் பேக்கபெர்க் 1920-களின் இறுதியிலிருந்து தென்னமெரிக்கா முழுவதும் சுற்றினார். செடியை அடையாளம் காணும் கண் அவருக்கு அபாரம். ஆனால் அவர் பெயரிட்ட, பெயர் மாற்றிய சிற்றினங்கள் சுமார் 1,200 என்றும், அவற்றில் ஒன்றுக்குக்கூட அவர் உலர்மாதிரி வைத்துவிட்டுப் போகவில்லை என்றும் பிற்கால ஆய்வாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இருந்த சாட்சியும் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. ஜெர்மன் காக்டஸ் சங்கம் 1892-இல் உருவானபோது அதன் முன்னோடியாக இருந்த கார்ல் ஷூமான் பணியாற்றிய ஊர் பெர்லின். அங்கே டாலம் ஹெர்பேரியம் 1943 மார்ச் 1-ஆம் தேதி இரவு குண்டுவீச்சில் எரிந்தது. பெரும்பகுதி சாம்பல். கண்ணாடிக் கூடங்கள் நொறுங்கிக் குளிரில் செத்த உயிர்ச்செடிகளுக்குக் கணக்கே இல்லை.

தப்பிய நாடுகளில் ஒன்று சுவிட்சர்லாந்து. சூரிச் ஏரிக்கரையில் ஒரு காக்டஸ் தொகுப்பு இருந்தது. யாகோப் காசர் என்பவர் சேர்த்த செடிகளை ஜூலியஸ் பிரான் என்ற பல்பொருள் அங்காடி உரிமையாளர் 1929-இல் விலைக்கு வாங்கி நகரத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். 1931-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதன் பொறுப்பில் இருந்தவர் ஹான்ஸ் கிரைன்ஸ். செடி வளர்ப்பவர், பதிவேடு எழுதுபவர், கடிதம் போடுவதில் சளைக்காதவர். அவர் முன்முயற்சியில் 1950-இல் சூரிச்சில் ஒரு சிறு கூட்டம் கூடியது. சிதறிக் கிடந்த ஐரோப்பிய வல்லுநர்கள், போர் முடிந்து ஐந்தாண்டுக்குப் பின், ஒரு மேசைக்கு வந்தார்கள். ஐ.ஓ.எஸ். அங்கே பிறந்தது.

அதே ஆண்டு கோடையில் ஸ்டாக்ஹோமில் பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு நடந்தது. தாவர வகைப்பாட்டியலாளர்களுக்கான பன்னாட்டுச் சங்கமும் அங்கே உருவானது. அது பெரிய சபை. சூரிச்சில் கூடியது மிகச் சிறியது. ஆனால் பட்டம் பெற்றவரையும் பட்டம் பெறாத வளர்ப்பாளரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தது.

முதல் வேலை பெயர்ப் பட்டியல். உலகின் எந்த மூலையில், எந்தச் சங்கத்து இதழில் ஒரு சதைப்பற்றுத் தாவரத்துக்குப் புதுப் பெயர் அச்சானாலும் அதைத் தேடிப் பிடித்து, ஆண்டுக்கொரு முறை வெளியிடுவது. 1950-ஆம் ஆண்டுப் பெயர்களிலிருந்து அந்தப் பட்டியல் தொடங்குகிறது. அப்போது முப்பதைத் தொடாத ஆங்கிலேயர் கார்டன் ரௌலி நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். பிற்பாடு ரெடிங் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவர், முப்பது ஆண்டுக்கும் மேலாக இந்தப் பட்டியலுக்கு உழைத்தார். புகழ் தராத வேலைதான்; ஆனால் ஒரே செடிக்கு மூன்று பேர் மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அதைப் புரட்டினால்தான் தெரியும்.

இரண்டாவது வேலை, உயிருள்ள சாட்சிகளைக் காப்பாற்றுவது. எந்த மலையில், எந்த ஆண்டு, யார் எடுத்தது என்ற விவரத்தோடு செடிகளை வைத்திருக்கும் தோட்டங்களைக் காப்புத் தொகுப்புகளாக அமைப்பு அறிவித்தது. சூரிச் அவற்றுள் ஒன்று. சீட்டு இல்லாத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அலங்காரம். சீட்டு இருந்தால் ஆவணம். இந்த ஒழுக்கத்தை வளர்ப்பாளர்களிடம் பரப்பியதை அமைப்பின் பெரிய சாதனை என்பேன். மூன்றாவது வேலை, ஏறத்தாழ இரண்டாண்டுக்கொரு முறை ஊர் மாறிக் கூடி, கட்டுரை வாசித்து, செடி பார்த்து, சண்டை போட்டுக் கலைவது.

ஐரோப்பாவில் பிறந்த அமைப்பு காக்டஸின் தாய்மண்ணை ஒதுக்கிவிட முடியாது. 1937-இலேயே மெக்சிகோவின் காக்டஸ் குடும்பத்தைத் தொகுத்து நூல் எழுதிய ஹெலியா பிராவோ ஓயிஸ், 1951-இல் மெக்சிகோ காக்டஸ் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். மொனாக்கோவின் ஆதரவோடு ஐ.ஓ.எஸ். வழங்கும் ‘தங்க காக்டஸ்’ விருது 1980-இல் அவருக்குப் போனது.

அதற்குள் பெயர்ச் சண்டை சுங்கச்சாவடி வரை வந்துவிட்டது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975-இல் நடைமுறைக்கு வந்தபோது காக்டஸ் குடும்பம் முழுவதும் அதன் இரண்டாம் பட்டியலில் ஏறியது. துறைமுகத்தில் பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்கு ஒரு செடிக்கு ஒரு பெயர் வேண்டும். பேக்கபெர்க்கின் நூலைத் திறந்தால் 200-க்கும் மேற்பட்ட பேரினங்கள். கியூவின் டேவிட் ஹன்ட் 1967-இல் கொடுத்த கணக்கில் நூறுகூட இல்லை. யாரை நம்புவது?

1984-இல் ஐ.ஓ.எஸ். தன் காக்டஸ் பிரிவில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. உடைப்பவர்களையும் சேர்ப்பவர்களையும் கூட்டிவைத்து, எந்தப் பேரினத்தை ஏற்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கருத்துக் கேட்டார்கள். 1986-இல் ஹன்ட்டும் நைஜல் டெய்லரும் முதல் இணக்கப் பட்டியலை வெளியிட்டார்கள். அந்த உழைப்பின் தொடர்ச்சியாக 1992-இல் ஹன்ட் தொகுத்த காக்டஸ் பெயர்ப் பட்டியலை சைட்டிஸ் தன் அதிகாரப்பூர்வ மேற்கோள் நூலாக வைத்துக்கொண்டது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வந்த தொகுப்புகள் சில ஏறத்தாழ 125 முதல் 130 பேரினங்கள், 1,400 முதல் 1,500 சிற்றினங்கள் என்ற அளவில் நின்றன. ஊரெல்லாம் சுற்றிவிட்டு, பிரிட்டன்–ரோஸ் கணக்குக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாயிற்று. எல்லைகள் மட்டும் மாறியிருக்கின்றன.

மரபணு ஆய்வு வந்ததும் அந்த எல்லைகளும் ஆடின. இலையுள்ள பழைய காக்டஸ் என்று கருதப்பட்ட பெரெஸ்கியா, ஒன்றல்ல, இரண்டு தனிக் கிளைகள் என்று 2005-இல் ஆய்வகம் காட்டியது. ஒரு கிளைக்குத் தனிப் பேரினப் பெயரைப் பிறகு வெளியிட்டவர் ஊர் ஊராகக் காக்டஸ் தேடிப் போய்ப் படம்பிடித்து இதழ் நடத்திய ஜோயல் லோடே. ‘லாய்ன்பெர்கேரியா’ என்ற அந்தப் பெயர், எரிந்து மீண்ட பெர்லின்-டாலத்தில் உட்கார்ந்து பெரெஸ்கியாவை அலசிய பியாட் லாய்ன்பெர்கருக்கான மரியாதை. ஆர்வலரும் ஆய்வாளரும் ஒருவரையொருவர் விட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

ஆனால் அந்த மேசையில் ஒரு நாற்காலி இப்போது உறுத்துகிறது. 2015-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஏறக்குறைய 1,480 காக்டஸ் சிற்றினங்களை ஆராய்ந்து 31 விழுக்காடு அழியும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. தோட்டங்களுக்காகவும் தனியார் தொகுப்புகளுக்காகவும் பிடுங்கி எடுப்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் கோனோஃபைட்டம் என்ற விரல்நுனி அளவுச் செடிகளை அண்மை ஆண்டுகளில் மூட்டை மூட்டையாகக் கடத்துகிறார்கள். வாங்குகிறவரும் ஆர்வலர்தான். காட்டிலிருந்து பிடுங்கும் பழக்கத்தைத் தடுக்கவே ஐ.ஓ.எஸ். தன் உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் எழுதியது.

அமைப்பின் அடிப்படை ஒழுக்கமே ‘இடத்தை எழுதிவை’ என்பது. இன்று புதுச் சிற்றினத்தை விவரிக்கும் கட்டுரைகளில் சரியான இடத்தை வேண்டுமென்றே மறைக்கிறார்கள். குறிப்பைப் படித்துவிட்டு மண்வெட்டியோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். 1950-இல் சூரிச்சில் கூடியவர்களின் கவலை, சீட்டில் எழுத ஆளில்லையே என்பது. இனி கூடுகிறவர்கள், எழுதிய சீட்டை யாருக்குக் காட்டலாம் என்று முடிவு செய்தாக வேண்டும்.