பன்னாட்டு ஆய்வுகள் மாநாடு

பன்னாட்டு ஆய்வுகள் மாநாடு என்பது நாடுகளுக்கிடையிலான உறவுகளைக் கற்பித்த பேராசிரியர்களும் ஆய்வு நிறுவனங்களும் 1928 முதல் ஆண்டுதோறும் கூடிவந்த அமைப்பு ஆகும். பன்னாட்டுச் சங்கத்தின் (League of Nations) அறிவுத்துறைப் பணிகளுக்காகப் பாரிஸில் 1926இல் திறக்கப்பட்ட அறிவுசார் ஒத்துழைப்பு நிறுவனத்தின் ஆதரவில் இது இயங்கியது. முதல் கூட்டம் பெர்லினில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தடைப்பட்டு, போருக்குப் பின் மீண்டும் கூடி, 1954இல் கலைந்தது.

பின்னணி

முதல் உலகப் போருக்கு முன்பு பன்னாட்டு உறவு என்று தனியாக ஒரு பல்கலைக்கழகப் பாடம் இல்லை. வரலாற்றுத் துறையும் சட்டத் துறையும் அதைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. 1919இல் வேல்ஸ் நாட்டின் கடற்கரை ஊரான அபெரிஸ்ட்வித்தில் இத்துறைக்கென உலகின் முதல் பேராசிரியர் பதவி உருவானது. நிலக்கரிச் செல்வந்தர் டேவிட் டேவிஸும் அவருடைய சகோதரிகளும் 20,000 பவுன் கொடுத்தார்கள். போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக அளிக்கப்பட்ட அந்தப் பதவிக்கு அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயர் சூட்டப்பட்டது. அதில் முதலில் அமர்ந்த ஆல்ஃபிரட் சிம்மர்ன் பின்னர் பாரிஸ் நிறுவனத்திலும் பணியாற்றினார். இந்த மாநாட்டின் கதையில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

நடைமுறை

தொடக்கக் கூட்டங்கள் நிறுவனங்களுக்கிடையே நூல்களையும் தகவல்களையும் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடுகளைத்தான் பேசின. அவற்றில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. 1931க்குப் பிறகுதான் மாநாட்டுக்கு உயிர் வந்தது. ஒரே பொருளை இரண்டு ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாட்டின் ஒருங்கிணைப்புக் குழுவும் முன்கூட்டியே ஆய்வுரைகள் எழுதி அனுப்புவது என்று முடிவாயிற்று. அரசும் பொருளாதார வாழ்வும், கூட்டுப் பாதுகாப்பு, அமைதி வழியில் மாற்றம் ஆகியவை அவ்வாறு அடுத்தடுத்து விவாதிக்கப்பட்டன. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பண உதவி செய்தது. கூட்டுப் பாதுகாப்பு பற்றிய உரைகளைத் தொகுத்தவர் மொரிஸ் பூர்கேன்.

போரின் நிழல்

மாநாடு கூடிய ஊர்களின் வரிசையைப் பார்த்தாலே அந்தக் காலம் தெரிந்துவிடும். 1936 மே மாதம் மாட்ரிட்டில் கூடினார்கள். ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1938 மே மாதம் பிராகில் கூடியபோது, ஜெர்மனி படையெடுக்கும் என்ற அச்சத்தில் செக்கோஸ்லோவாக்கியா தன் படைகளைத் திரட்டியிருந்தது; செப்டம்பரில் மியூனிக் உடன்பாடு அந்நாட்டைத் துண்டாடியது. 1939 ஆகஸ்ட் இறுதியில் நார்வேயின் பெர்கனில், பொருளாதாரக் கொள்கையும் உலக அமைதியும் பற்றிப் பேசினார்கள். செப்டம்பர் 1இல் போலந்தின் மீது தாக்குதல் தொடங்கியது.

பிராக் கூட்டத்தில்தான் பன்னாட்டு உறவைப் பல்கலைக்கழகங்களில் எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியை விரிவாக எடுத்துக்கொண்டார்கள். இது தனித் துறை அன்று, பல துறைகளை ஒரே கோணத்திலிருந்து பார்ப்பது என்பது சிம்மர்னின் கருத்து. அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. அவர் தொகுத்த பிராக் உரைகள் 1939இல் நூலாக வந்தன.

போரைத் தடுக்கவில்லை என்று இந்த மாநாட்டைக் குறை சொல்வது நியாயமன்று. பேராசிரியர்கள் கையில் படை இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. 1937இல் பாரிஸில் நடந்த அமர்வு மூலப்பொருள், மக்கள்தொகை, காலனிகள் ஆகியவற்றை மையமாக வைத்தது. நிலமும் கச்சாப் பொருளும் போதவில்லை என்று முறையிட்ட வல்லரசுகளை எப்படிச் சமாதானப்படுத்துவது என்பதே அங்கு கேள்வி. காலனிகளில் வாழ்ந்தவர்கள் அந்த விவாதத்தில் பேசுபொருளாக இருந்தார்களே தவிர, பெரும்பாலும் பேச்சாளர்களாக இல்லை.

முடிவும் பிறகும்

போருக்குப் பின் பாரிஸ் நிறுவனத்தின் பணிகள் யுனெஸ்கோவிடம் சென்றன. 1949இல் தோன்றிய பன்னாட்டு அரசியல் அறிவியல் சங்கத்துக்கு யுனெஸ்கோவின் ஆதரவு கிடைத்தது. பழைய மாநாடு மெலிந்துபோனது. அது கலைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1959இல், அமெரிக்காவில் பன்னாட்டு ஆய்வுச் சங்கம் பிறந்தது. இரண்டுக்கும் அமைப்பு முறையில் தொடர்பில்லை. ஆனாலும் இத்துறை அமெரிக்காவில் தொடங்கியதாக எண்ணுவோர் ஏராளம்.

1937 பாரிஸ் அமர்வில் பேச்சாளர்களாக இடம்பெறாத காலனி மக்கள் தங்களுக்கென்று ஓர் அரங்கை அமைத்துக்கொள்ளப் பத்தாண்டுகள் பிடித்தன. 1947 மார்ச் 23 முதல் ஏப்ரல் 2 வரை தில்லியின் பழைய கோட்டையில் ஆசிய உறவுகள் மாநாடு நடந்தது. சரோஜினி நாயுடு தலைமை தாங்கினார். இந்திய உலக விவகார மன்றம் அதை நடத்தியது. அம்மன்றத்தின் செயலாளர் ஆ. அப்பாதுரை. இடைக்காலத் தென்னிந்தியாவின் பொருளாதாரம் பற்றி அவர் எழுதிய ஆய்வைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1936இல் வெளியிட்டிருந்தது. 1955இல் தில்லியில் இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. அப்பள்ளி 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது; அதன் பன்னாட்டு ஆய்வுத் துறையாக இன்றும் இயங்குகிறது.